பள்ளிப் பகலுணவின் சத்தும் அதனைக் காக்கும் முறையும்

நம் நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் குழந்தைகளுக்கு நண்பகலில் சமைத்த உணவு அளிக்கும் திட்டம், உலகில் இவ்வகையில் நடைபெறும் திட்டங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். 2021-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இதற்குப் 'பிரதம மந்திரி போஷண் சக்தி நிர்மாண்' என்னும் பெயரளித்து ஒப்புதல் வழங்கியபோது, ஏறத்தாழ 11.2 இலட்சம் பள்ளிகளைச் சேர்ந்த 11.8 கோடிக் குழந்தைகள் இதன் பயனைப் பெறுவர் எனக் கணக்கிடப்பட்டது. இவர்களிற் பலர் நிலமற்ற உழவுத் தொழிலாளர், செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் கூலி பெறுவோர், மலைவாழ் மக்கள் ஆகியோரின் பிள்ளைகள். வெறும் வயிற்றுடனோ, முந்தின இரவு எஞ்சியதைச் சிறிது உண்டோ பள்ளிக்கு வருபவர்கள். நண்பகலில் கிடைக்கும் தட்டே இவர்களுள் பலருக்கு அன்றைய முதல் முழு உணவு.

அத்தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வகுத்துள்ளது. தானியமும் கிடங்கிலிருந்து பள்ளிக்கு வந்து சேருகிறது. ஆனால் கிடங்கிலிருந்து தட்டு வரையிலான வழியில் சத்து பல இடங்களில் குறைந்துவிடக் கூடும். எங்கெங்கே குறைகிறது, அதனை ஆசிரியரும் களப்பணியாளரும் எவ்வாறு கண்டறிந்து தடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பள்ளியில் உணவளிக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் உணவளிக்கத் தீர்மானித்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல், சென்னை மாநிலத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1984-இல் குஜராத்தும் இவ்வழியில் இறங்கியது. நாடு தழுவிய திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று.

எனினும், அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் சமைத்த உணவு தரவில்லை. மாதம் 3 கிலோ தானியத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பின. வீட்டுக்குச் சென்ற தானியம் வீட்டில் உள்ள அனைவருக்கும் பங்காயிற்று. இது குடும்பத்திற்கு உதவிதான் என்றாலும், குழந்தையின் உடலில் சேர்ந்தது சிறிதே. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டில் 200 நாட்களேனும் அளிக்க வேண்டுமென ஆணையிட்டது. அதன் பின்னரே அடுப்பு பள்ளிக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் உரிமையாக்கிற்று.

அளவும் அதன் கணக்கும்

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது வகுக்கப்பட்ட அளவு. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு முறையே 150, 30, 75, 7.5 கிராம். இவையெல்லாம் சமைக்காத பொருளின் எடைகள் என்பதை மறக்கலாகாது. முதற் பிரிவினருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், இரண்டாம் பிரிவினருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

இக்கணக்கு எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும் 8 கிராம் புரதமும் உள்ளன. 20 கிராம் துவரம் பருப்பு 65 கலோரியையும் 4 கிராமுக்குச் சற்று அதிகமான புரதத்தையும் தருகிறது. எண்ணெய் 45 கலோரி. காய்கறியிலிருந்து கிடைக்கும் கலோரி மிகக் குறைவு. அதனை வேறு காரணங்களுக்காகச் சேர்க்கிறோம். கூட்டிப் பார்த்தால், வகுத்த அளவைச் சிறிதே தாண்டி நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது, இக்கணக்கில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பதாகும். பருப்பு பாதியாகக் குறைந்தால் புரதம் 12 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். பருப்பு அறவே இல்லையெனில் புரதம் 9 கிராம் அளவில் நின்றுவிடும். குழந்தையின் வயிறு அன்றும் நிரம்பும், பசியும் அடங்கும். ஆதலால் குறையை யாரும் உணர மாட்டார்.

குறைவது பெரும்பாலும் பருப்புதான். அதற்குக் காரணம் உண்டு. தானியம் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து பொருளாகவே வந்துவிடுகிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் பள்ளிக்கு அதனால் இடரில்லை. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலைப் பொருள்கள், எரிபொருள் ஆகியவற்றையோ பணம் கொடுத்து வாங்க வேண்டும். இச்செலவுக்கென 2025 மே மாதம் முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசும், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 10 ரூபாய் 17 காசும் நிர்ணயிக்கப்பட்டன. சில மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகையும் சேர்க்கின்றன. பருப்பு கிலோ 120 ரூபாய்க்கு விற்கும்போது 20 கிராமின் விலை 2 ரூபாய் 40 காசு. அது 160 ரூபாய்க்கு ஏறினால் 3 ரூபாய் 20 காசு ஆகிவிடும். விலை ஏறிய மாதத்திலும் தொகை ஏறுவதில்லை. சமையற் பொறுப்பாளர் குழம்பில் நீரைக் கூட்டுகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் நடப்பது இன்னதென்று மேற்பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும்.

இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மேற்கூறிய இரு பிரிவுகளின் அளவுகளையும் ஒப்பிட்டால், விகிதம் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம். தானியம் ஐந்து பங்கென்றால் பருப்பு ஒரு பங்கு. தானியத்தில் பாதி எடைக்குக் காய்கறி. தானியம் 20 கிலோவுக்கு எண்ணெய் 1 கிலோ. ஆகவே, இருப்புப் பதிவேட்டில் ஒரு மாதத்தில் 200 கிலோ அரிசி செலவாகியிருப்பின், 40 கிலோ பருப்பும் 10 கிலோ எண்ணெயும் செலவாகியிருக்க வேண்டும். எந்தெந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று பிரித்துப் பார்க்கும் தேவையே இல்லை. கடைச் சீட்டுகளைக் கூட்டிப் பருப்பு 22 கிலோதான் வாங்கப்பட்டுள்ளது என்று தெரிந்தால், பருப்பால் கிடைக்க வேண்டிய புரதத்தில் ஏறத்தாழப் பாதியைக் குழந்தைகள் இழந்த மாதம் அது என்று கொள்ளலாம். பருப்புக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, சோயா ஆகியவை வாங்கப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

சமையற்கூடத்தில் தராசு இருத்தல் நலம். இல்லாவிடில், ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கடையில் நிறுத்து, அதற்கேற்ப ஒரு பாத்திரத்தில் கோடிட்டுக் கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் 80 குழந்தைகள் வந்திருந்தால் அரிசி 8 கிலோ, பருப்பு 1 கிலோ 600 கிராம், காய்கறி 4 கிலோ, எண்ணெய் 400 கிராம். இதனைச் சுவரில் எழுதி வைப்பது ஆசிரியருக்கும் சமைப்பவருக்கும் ஒருங்கே உதவும். எழுதியதைப் பெற்றோரும் படிப்பர்.

பருப்பும் எண்ணெயும் ஏன்

அரிசியிலும் கோதுமையிலும் புரதம் இருக்கிறதே, அளவைக் கூட்டினால் போதாதா என்று சிலர் வினவுவதுண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்து ஆனது. அவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக் கொள்ள இயலாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. அது தானியத்தில் போதிய அளவு உள்ளது. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. வட நாட்டுக் கிச்சடியும் நம் ஊர்ப் பொங்கலும் இவ்வறிவியல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இதனைச் செய்து வந்தன. முட்டையில் எல்லா அமிலங்களும் தக்க அளவில் அமைந்துள்ளன. ஒரு முட்டை 6 கிராம் புரதம் தரும். சில மாநிலங்கள் முட்டை வழங்குகின்றன. உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழமோ பிறிதொன்றோ தரும் இடங்களில், வாழைப்பழம் புரதத்தில் முட்டைக்கு ஈடாகாது என்பதை நினைவிற்கொண்டு, அன்று அக்குழந்தைகளுக்குச் சுண்டலும் சேர்த்துக் கொடுப்பது நலம்.

எண்ணெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. கீரையிலும் பூசணியிலும் காரட்டிலும் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கொழுப்புடன் சேர்ந்தாலன்றி அது குடலில் நன்கு ஈர்க்கப்படாது. எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கீரையில் இச்சத்தின் பெரும்பகுதி பயனின்றிக் கழிகிறது.

சிறுதானியங்களைப் பற்றியும் ஒரு சொல். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் தானும் இல்லை. வளரும் எலும்புக்கு இவ்வேறுபாடு பெரிது. கருநாடகத்தில் கேழ்வரகும், இராசத்தானத்தில் கம்பும், மகாராட்டிரத்தில் சோளமும் மக்கள் விரும்பி உண்ணும் உணவுகள். அவை கிடைக்கும் இடங்களில் வாரத்தில் ஒரு நாளேனும் பள்ளி உணவில் இடம்பெறச் செய்வது கடினமன்று.

சோகையும் இரும்புச் சத்தும்

2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுள் 24 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 19 வயதினருள் 28 விழுக்காட்டினருக்கும் சோகை உள்ளது. வளரிளம் பெண்களிடையே இது ஆண்களைவிட மிகுதி. சோகையுற்ற குழந்தை எளிதிற் களைப்படைகிறது, கவனம் சிதறுகிறது. ஆசிரியர் அதனைச் சோம்பல் என்று எண்ணிவிடுதல் இயல்பு. கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்து வெளுப்பைக் காணலாம் என்றாலும், நோயை உறுதி செய்வது இரத்தப் பரிசோதனையே.

தாவர உணவிலுள்ள இரும்பில் மிகச் சிறு பகுதியையே குடல் ஈர்க்கிறது. வைட்டமின் சி உடனிருந்தால் ஈர்ப்பு கூடும். எனவே பருப்பிலும் கீரையிலும் இறக்கியபின் எலுமிச்சஞ்சாறு பிழிதல், நெல்லிக்காயோ கொய்யாவோ உணவுடன் கொடுத்தல் ஆகியவை செலவு குறைந்த, பயன் மிகுந்த முறைகள். பயற்றை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைப் பிணித்து வைக்கும் பைட்டேட்டு குறைகிறது. வைட்டமின் சி தோன்றுகிறது. இதற்கு மாறாக, உணவுடனோ உண்ட உடனேயோ தேநீர் அருந்தினால் அதிலுள்ள டானின் இரும்பைத் தடுத்துவிடும். பகலுணவின்போது தேநீர் எவரும் தருவதில்லைதான். காலையில் தேநீரும் பிஸ்கட்டும் மட்டுமே உண்டு வரும் குழந்தைகள் நகர்ப்புறத்தில் பலர் என்பதனால் இதனைக் குறிப்பிட்டோம்.

உணவால் மட்டும் சோகை தீராது. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு 45 மில்லிகிராம் இரும்பு கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயதினருக்கு 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட நீல மாத்திரையும் வாரம் ஒரு முறை தரப்படுகின்றன. இரண்டிலும் போலிக் அமிலமும் உண்டு. பகலுணவு உண்டபின் கொடுத்தால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போவது கண்டு குழந்தையும் தாயும் அஞ்சுவர். அது தீங்கற்றது என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட ஊர்களில் மாத்திரைகள் சாளரத்திற்கு வெளியே கிடப்பதைக் காணலாம். கொக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுவதனால், பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் நடைபெறும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை தருவதும் இதனோடு சேர்ந்ததே.

சமையலில் இழப்பு

அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவி, மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால், நீரிற் கரையும் பி வகை வைட்டமின்கள் கஞ்சியோடு போய்விடுகின்றன. ஓரிரு முறை மட்டும் கழுவி, அளவான நீரில் வேகவைப்பது நன்று. பருப்பு விரைவில் வேக வேண்டுமென்று ஆப்பச் சோடா சேர்ப்பது தயாமினை அழிக்கும். முன்னாளிரவே ஊறவைத்தல் அதே பயனைத் தீங்கின்றித் தரும். காய்கறியைக் கழுவியபின் நறுக்க வேண்டும், நறுக்கியபின் கழுவலாகாது. பாத்திரத்தை மூடி வேகவைத்தால் விறகும் மிச்சமாகும். அயோடின் கலந்த உப்பை மூடிய கலத்தில் ஈரம் படாமல் வைத்து, இறக்கும் தருணத்தில் சேர்த்தல் வேண்டும்.

நஞ்சும் கிருமியும்

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பகலுணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் உயிரிழந்தனர். உணவிலும் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இருந்ததை ஆய்வகம் கண்டது. எண்ணெயின் நிறமும் மணமும் மாறியிருப்பதாகச் சமைத்த பெண்மணி முன்னரே கூறியதாக அப்போது செய்திகள் வெளிவந்தன. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. உணவுப் பொருள் வைக்கும் அறையில் உரமோ மருந்தோ மண்ணெண்ணெயோ ஒரு மூலையிற்கூட இருத்தல் கூடாது. எண்ணெயை முத்திரையிட்ட உறையிலோ கலத்திலோ மட்டுமே வாங்க வேண்டும். 1998-இல் தில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் பலர் வீக்க நோயுற்று மாண்டதும் இதனை வலியுறுத்தும்.

2015-ஆம் ஆண்டின் விதிகளின்படி, உணவைக் குழந்தைகளுக்குப் பரிமாறுமுன் பெரியவர் இருவர் அல்லது மூவர் சுவைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் ஆசிரியராக இருத்தல் வேண்டும். பல பள்ளிகளில் இது பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு நின்றுவிடுகிறது. சமைப்பவர் 'இதில் ஏதோ மாறுபாடு இருக்கிறது' என்று கூறினால், அச்சொல்லே உணவை நிறுத்தப் போதுமான காரணம். அன்று குழந்தைகள் பசியோடு போவது பெருந்துன்பந்தான். எனினும் வேறு வழியில்லை.

கிருமியைப் பொறுத்தவரை, சமைத்த உணவைச் சூடு ஆறாமல் உடனே பரிமாறுதலே சிறந்த காப்பு. அரிசியில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பான நிலையில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடுபடுத்தினும் அந்நஞ்சு நீங்காது. நகரங்களில் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வரும் உணவு 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் பள்ளியை அடைய வேண்டும். எஞ்சிய சோற்றை மறுநாளைக்கு வைத்தல் அறவே கூடாது.

ஒரே வரிசை

சமையற் பணியில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் முன்னுரிமை தரவேண்டுமென்பது திட்டத்தின் நெறி. பட்டியல் சாதிப் பெண்கள் சமைத்ததனாலேயே, சில ஊர்களில் பெற்றோர் தம் குழந்தைகளை உண்ண விடாது தடுத்ததுண்டு. இத்தகைய வேளையில் சமைப்பவரை மாற்றி ஊரைச் சமாதானப்படுத்துவது எளிய வழியாகத் தோன்றும். அது சட்டத்திற்கும் முரண். குழந்தைகளுக்கும் தவறான பாடம். ஆசிரியர் தாமே முதற் பந்தியில் குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து உண்பதே பயன் தருவது. தட்டுகளைப் பிரித்து வைத்தலும், வரிசையைப் பிரித்து அமர்த்துதலும் எந்தக் காரணத்தாலும் இடம்பெறலாகாது.

இப்பெண்களின் மதிப்பூதியம் 2009-இல் மத்திய அரசால் மாதம் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. மாநிலங்கள் பல தம் பங்கைக் கூட்டியுள்ளன. சில சிறிதே கூட்டியுள்ளன. நூறு குழந்தைகளுக்குப் புகையில் நின்று சமைக்கும் உழைப்புக்கு இத்தொகை போதாது என்பதே எம் கருத்து.

கண்ட பயன்

ஆந்திரத்தில் வறட்சிக் காலத்தில் பிறந்து வளர்ச்சி குன்றிய சிறுவர்கள், பின்னர்ப் பள்ளி உணவு பெற்றதனால் அக்குறையிலிருந்து பெரிதும் மீண்டனர் என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இளமையில் பள்ளி உணவு உண்ட பெண்கள் பின்னாளில் ஈன்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் கண்டது. பள்ளியில் இன்று உண்ணும் சிறுமியின் உணவு, இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் எலும்பிலும் சேருகிறது என்பது இதன் பொருள்.

உணவு கிடைக்காத நாட்கள்

தானியம் வராமையாலோ, எரிபொருள் தீர்ந்தமையாலோ, சமைப்பவர் வாராமையாலோ பள்ளி நாளில் உணவு அளிக்கப்படாவிட்டால், அந்நாட்களுக்குரிய உணவுப் பாதுகாப்புப் படியை அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் குழந்தைக்கு வழங்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் விதி. தொடர்ந்து மூன்று நாட்களோ, ஒரு மாதத்தில் ஐந்து நாட்களோ உணவு தவறினால், மாநில அரசு அதற்குப் பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும். இவ்விதி செயற்பட வேண்டுமெனில், உணவு இல்லாத நாளை 'இல்லை' என்றே பதிவேட்டில் குறிக்க வேண்டும். மேலதிகாரிக்கு அஞ்சி அந்நாளையும் உணவளித்த நாளாக எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வாறு எழுதுவதால் குழந்தைக்குரிய படி போகிறது, தானியம் ஏன் வரவில்லை என்ற வினாவும் எழாமற் போகிறது. வறட்சியுற்றதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டுள்ளது. ஆதலால், அத்தகைய பகுதிகளில் உள்ள தலைமையாசிரியர்கள், பள்ளி மூடுமுன்பே, ஊரில் தங்கியிருக்கும் குழந்தைகளின் பட்டியலையும் தேவைப்படும் தானியத்தின் அளவையும் வட்டார அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அனுப்பிவிட வேண்டும்.